நடக்க முடியாமையைக் குறிக்கும் 'அபேசியா' என்ற மருத்துவச் சொல் எங்கிருந்து வந்தது?

இந்தச் சொல்லை நான் முதலில் பார்த்தது எங்கள் அம்மாயியின் டிஸ்சார்ஜ் சம்மரியில். ஈரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கோபிக்குத் திரும்பிய அன்று சாயங்காலம், தாளில் இருந்த 'அஸ்டேசியா-அபேசியா'வை மாமா போனில் தேடினார். எழுத்து மாறி 'அஃபேசியா' வந்து நின்றது. அது பேச்சு தடைபடுகிற நிலை. "அம்மாவுக்குப் பேச்சும் போயிருமாம்" என்று மாமா கண் கலங்கிவிட்டார். கட்டிலில் கிடந்த அம்மாயி, "நானு நல்லாத்தான பேசறேன் சாமி, அடி எடுத்து வெக்கத்தான் முடியமாட்டீங்குது" என்றார்.

அம்மாயி சொன்னதுதான் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள். கிரேக்கத்தில் 'பாசிஸ்' என்றால் எடுத்து வைக்கிற அடி. முன்னால் நிற்கும் 'அ', அநீதி, அசுத்தம் என்பவற்றில் வருகிற அதே எதிர்மறை. அடி இல்லை என்பதுதான் அபேசியா. 'ஸ்டாசிஸ்' என்றால் நிற்பது, அதனால் அஸ்டேசியா நிற்க முடியாமை. பாசிஸுக்குப் பீடம், அடித்தளம் என்ற பொருளும் உண்டு. ஆங்கில 'பேஸ்' அதன் வழி வந்தது. தமிழிலும் வைக்கிற அடியும் தூணின் அடியும் ஒரே சொல்தானே! இனத்தொடர்பு இல்லாத இரண்டு மொழிகள் காலையும் அடித்தளத்தையும் இப்படி ஒன்றாகப் பார்த்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

அஸ்டேசியா, அபேசியா இரண்டையும் இணைத்து 1888இல் விரிவாக எழுதியவர் பால் பிளாக் என்ற பிரெஞ்சு மருத்துவர். அவர் விவரித்த நோயாளிகளுக்குப் படுக்கையில் கால் வலுவும் உணர்வும் சரியாக இருக்கும், நிற்கவும் நடக்கவும்தான் வராது. அம்மாயியும் அப்படித்தான். படுத்தபடி மடக்கச் சொன்னால் மடக்குவார், உதைக்கச் சொன்னால் போர்வை கட்டிலுக்கு வெளியே போய் விழும். இறக்கி நிறுத்தினால் முழங்கால் மடிந்துவிடும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் 'வாதம்' என்றார்கள். வாதத்தில் காலே அசையாது, இது வேறு.

அப்புறம் ஒன்று. பாசிஸ் பிறந்தது 'போ' என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து. அந்த வினையும் சமஸ்கிருத 'கம்' வேரும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்பது மொழியியலார் கண்ட முடிவு. கதி, ஆகமம், சங்கமம் எல்லாம் அந்தக் 'கம்' தந்தவை. ஆடிப் பதினெட்டுக்கு அம்மாயி தவறாமல் போய் முழுகி வந்த பவானிக் கூடுதுறையைச் சங்கமம் என்கிறோமே, அந்தச் சங்கமம்தான்.