கேள்வி-பதில்: குறி தப்பும் துப்பாக்கிகள்

போன இதழில் வீடியோ கேம் துப்பாக்கிகளைப் பற்றி ஒரு பதிலில் போகிற போக்கில் ரெண்டு வரி எழுதினேன், அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

நின்டெண்டோவின் வீ (Wii) கேம் கன்சோலின் ரிமோட்டைச் செருகிக்கொள்கிற துப்பாக்கி ஒன்று வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் பேட்டரி இல்லை, ஒயர் இல்லை, ஒரு சர்க்யூட்கூட இல்லை. ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை. அது அவ்வளவுதான், வெறும் பிளாஸ்டிக் கூடு. நின்டெண்டோவே 2007ல் வெளியிட்ட வீ ஜாப்பரும் இதே கதைதான்: முன்பக்கம் ரிமோட், பின்பக்கம் நன்சக் (இன்னொரு கையில் பிடிக்கிற துணை ரிமோட்), நடுவில் ஒரு விசை. விசையை இழுத்தால் உள்ளே ஒரு நெம்புகோல் போய் ரிமோட்டின் அடியில் இருக்கும் 'பி' பட்டனை அமுக்கும். நீங்கள் விரலால் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது.

மூளை, கண் எல்லாம் ரிமோட்டுக்குள் இருக்கிறது. அதன் மூக்கில் கறுப்பாகத் தெரிகிறதே, அதற்குப் பின்னால் அகச்சிவப்பு ஒளியை மட்டும் பார்க்கிற ஒரு கேமரா உண்டு. டிவி மேல் வைக்கிற நீளப் பட்டையைச் 'சென்சார் பார்' என்று சொல்லிச் சொல்லி எல்லாரையும் குழப்பிவிட்டார்கள், அது எதையும் உணர்வதில்லை. ரெண்டு ஓரத்திலும் அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள், அவ்வளவுதான், கன்சோலிலிருந்து வரும் ஒயர்கூட விளக்கு எரிய மின்சாரம் கொண்டுவர மட்டுமே. அந்த இடத்தில் ரெண்டு மெழுகுவர்த்தியைத் தள்ளித்தள்ளி ஏற்றி வைத்தாலும் ரிமோட் வேலை செய்யும். (செய்து பார்த்தேன், செய்கிறது. திரைச்சீலை இருக்கிற வீட்டில் வேண்டாம்.)

அதனால் கூடு வாங்கும்போது மூக்கை மறைக்காமல் இருக்கிறதா, விசை பட்டனை முழுசாக அமுக்குகிறதா என்று பாருங்கள். மலிவான கூடுகள் தோற்றுப்போவது பெரும்பாலும் இரண்டாவதில்தான். விசை பாதி தூரம் வீணாக ஓடி அப்புறம்தான் பட்டனைத் தொடும், அதற்குள் வாத்து பறந்துவிடும்.

துப்பாக்கி முனை நேராகப் பொம்மையைப் பார்க்கிறது, ஆனால் குறி நாலு விரல் தள்ளி விழுகிறது. என் கை சரியில்லையா, கூடு சரியில்லையா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். உங்கள் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல்.

ரிமோட்டுக்குத் தெரிவது ரெண்டு ஒளிப்புள்ளிகள் மட்டும். டிவி எவ்வளவு பெரிசு, திரையின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. புள்ளிகள் தன் பார்வையில் இடப்பக்கம் நகர்ந்தால் நீங்கள் வலப்பக்கம் திருப்பியிருக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுத் திரையில் குறியை நகர்த்துகிறது. அதனால் துப்பாக்கிக் குழாயின் நேர்கோடும் திரையில் குறி விழும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கிட்டே போனால் ஒரு மாதிரி தள்ளும், தூரம் போனால் வேறு மாதிரி.

முதலில் பட்டை டிவிக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை செட்டிங்கில் சரியாகச் சொல்லியிருக்கிறீர்களா பாருங்கள், நிறையப் பேர் இதைத் தொடுவதே இல்லை. பட்டை திரையின் நட்டநடுவில் இருக்கட்டும். ஒரு மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டருக்குள் நின்றுகொள்ளுங்கள். குறியைச் சரிசெய்யும் வசதி சில கேம்களிலேயே இருக்கிறது, அதை ஒருமுறை செய்துவிட்டு அப்புறம் நின்ற இடத்தைவிட்டு நகராதீர்கள். அதுவும் இல்லாத கேம் என்றால் துப்பாக்கி முனையை மறந்துவிட்டு, திரையில் ஓடும் குறியை மட்டும் பார்த்துச் சுடுங்கள்.

குறி திடீர் திடீரென்று துள்ளுகிறது என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறார். அறையில் ஜன்னல் வெயிலோ, குண்டு பல்போ, இதெல்லாம் பளபளவென்று பிரதிபலிக்கும் கண்ணாடி அலமாரியோ இருக்கும். ரிமோட்டுக்கு அகச்சிவப்பு எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுட வேண்டுமா?

வேண்டாம்.

அப்பா பத்திரமாக வைத்திருந்த பழைய நின்டெண்டோ துப்பாக்கியைப் புது எல்.இ.டி. டிவியில் மாட்டினோம். கேம் ஓடுகிறது, ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி கெட்டுப்போய்விட்டதா?

துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும். டிவி மாறிவிட்டது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. துப்பாக்கி என்றால் எதையோ வெளியே அனுப்புகிறது என்றுதான் நாம் நினைப்போம். 1936ல் சீபர்க் என்ற நிறுவனம் செய்த ரே-ஓ-லைட் என்ற விளையாட்டு எந்திரம் அப்படித்தான்: துப்பாக்கி ஒளியை வீசும், வாத்துப் பொம்மைக்குள் இருக்கும் ஒளி உணரும் குழாய் அதைப் பிடித்துக்கொள்ளும். டிவி வந்த பிறகு இது தலைகீழாகிவிட்டது. டிவியே ஒளி விடுகிறதே, துப்பாக்கி அதைப் பார்த்தால் போதாதா? 1972ல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி என்ற வீட்டு வீடியோ கேம் எந்திரத்துக்குத் தனியாக ஒரு துப்பாக்கி விற்றார்கள். அது எந்த ஒளியைப் பார்த்தாலும் 'பட்டுவிட்டது' என்று ஒத்துக்கொள்ளும், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பல்பைச் சுட்டாலும் சரி.

டக் ஹன்ட் (அதுதான் உங்கள் அப்பாவின் துப்பாக்கியால் வாத்து சுடுகிற கேம்) காலத்தில் உஷாராகிவிட்டார்கள். நீங்கள் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். ஒரு கணம் என்பது இங்கே நொடியில் 60ல் ஒரு பங்கு, திரை லேசாக மினுங்கியது போல இருக்கும். துப்பாக்கி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால்தான் வாத்து விழும். கறுப்புத் திரையின்போதும் வெளிச்சம் தெரிந்தால் நீங்கள் பல்பைச் சுடுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். ரெண்டு வாத்து இருந்தால் கட்டம் ஒவ்வொன்றாக வரும், எந்தக் கணத்தில் வெளிச்சம் தெரிந்தது என்பதை வைத்து எந்த வாத்து என்று முடிவு. இதை முதன்முதலில் படித்தபோது நான் சிரித்துவிட்டேன், இத்தனை வருஷம் வாத்து துப்பாக்கியைச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறது!

இந்தத் தந்திரம் முழுக்கப் படக்குழாய் டிவியை நம்பிச் செய்தது. படம் வந்த அதே கணத்தில் அங்கே திரையில் தெரியும். புது டிவியோ படத்தை வாங்கி, பெரிசாக்கி, மெருகேற்றித்தான் காட்டுகிறது, அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும். தவிர, குழாய் டிவியின் ஒளி நொடிக்குச் சுமார் 15,000 கோடுகளாகத் துடித்துத் துடித்து வரும், அப்பாவின் பழைய துப்பாக்கியின் (அதற்கும் ஜாப்பர் என்றுதான் பெயர்) உள்சுற்று அந்தத் துடிப்புக்கென்றே பழக்கப்பட்டது. புது டிவியின் நிலையான ஒளி அதற்கு ஏதோ அறை விளக்கு மாதிரிதான். பிளேஸ்டேஷனுக்கு வந்த நாம்கோவின் கன்கான் இன்னும் நுணுக்கமானது, படக்குழாயில் கோடு கோடாகப் படம் வரைகிற எலக்ட்ரான் கற்றை எந்த நொடித்துளியில் தன் கண்முன் கடந்தது என்று பார்த்து இடத்தையே கண்டுபிடிக்கும். அதுவும் புது டிவியில் உதவாது. பழைய குழாய் டிவி யார் வீட்டுப் பரணிலாவது கிடைத்தால் விடாதீர்கள்.

குழாய் டிவிக்கு இடமில்லை. புது டிவியில் நிஜமாகவே முனையைப் பார்த்துச் சுட வழியே கிடையாதா?

இருக்கிறது, கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர் என்றால். 2019ல் பொதுமக்களிடம் பணம் திரட்டி ஆரம்பித்த சின்டன் லைட்கன்னில் துப்பாக்கி முனையிலேயே ஒரு கேமரா. கேமைச் சுற்றித் திரையில் ஒரு வெள்ளை பார்டர் வரும், கேமரா அந்தச் சட்டத்தைப் பார்த்து நீங்கள் அதற்குள் எங்கே காட்டுகிறீர்கள் என்று கண்டுபிடிக்கிறது. வீ ரிமோட்டுக்குத் திரையின் விளிம்பு தெரியாது என்று மேலே சொன்னேனே, இதற்கு விளிம்புதான் எல்லாமே. பார்டர் கண்ணை உறுத்துகிறது என்பவர்களுக்கு டிவியைச் சுற்றி நாலு அகச்சிவப்பு விளக்கு வைக்கிற வகையும் உண்டு. நான் பார்டர் கட்சி, பத்து நிமிஷத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

பிளேஸ்டேஷன் மூவ், ஸ்விட்ச் ஜாய்கான் ரெண்டுக்கும் துப்பாக்கிக் கூடு விற்கிறார்கள். எது தேவலை?

மூவ். 2010ல் வந்த மூவில் எல்லாம் நேரெதிர், டிவி பக்கம் இருக்கும் கேமரா உங்கள் கையிலுள்ள கலர் பந்தைப் பார்க்கிறது. பந்து சிறிதாகத் தெரிந்தால் நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அதற்குப் புரியும், எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதை உள்ளே இருக்கும் உணரிகள் சொல்லும். பந்தைக் கூடு மறைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சோனியின் ஷார்ப் ஷூட்டர் தோளில் சாய்த்துப் பிடிக்கிற பெரிய துப்பாக்கி, பார்க்க ஜோர். ஆனால் பொம்மை சுடுகிற கேமுக்குக் கைத்துப்பாக்கி மாதிரி சின்னக் கூடே போதும், பெரிசைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் மறுநாள் தோள் பேசும்.

நின்டெண்டோ ஸ்விட்சின் கைரிமோட்டான ஜாய்கானுக்கு வெளியே பார்த்துக்கொள்ள ஒரு பந்தோ விளக்கோ கிடையாது. எவ்வளவு வேகமாகத் திரும்பினோம் என்பதை உள்ளே இருக்கும் ஜைரோ என்ற உணரி அளந்து அளந்து கூட்டிக்கொண்டே போகும், ஒவ்வொரு தடவையும் ஏற்படும் துளித்துளிப் பிழையும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் குறி மெல்ல ஒரு பக்கம் நகர்ந்துவிடும், அடிக்கடி பட்டனை அமுக்கி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கூடு வாங்கும் முன் அந்தப் பட்டன் கூட்டுக்குள் புதைந்துபோகிறதா என்று பார்த்துவிடுங்கள். என்னுடையதில் புதைந்திருந்தது, குத்தூசியால் ஓட்டை போட்டேன்.

என் மகன் துப்பாக்கியின் ஆரஞ்சு முனை 'பொம்மை மாதிரி இருக்கிறது' என்று கறுப்புப் பெயின்ட் அடிக்கக் கேட்கிறான். அடிக்கலாமா?

கூடாது. பொம்மை மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நிறமே. சாம்பல் நிறத்தில் வந்த பழைய ஜாப்பரையே நின்டெண்டோ பின்னாளில் ஆரஞ்சுக்கு மாற்றியது. கறுப்பு அடித்த கூட்டோடு பையன் ஒருநாள் வாசலுக்கு ஓடினால், தெருவில் இருப்பவருக்கு உள்ளே இருப்பது ரிமோட் என்று எப்படித் தெரியும்? மகனிடம் கைப்பிடியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்குப் பக்கம் ஒட்டினால் கேமரா மறைந்துவிடும், அப்புறம் குறி வரவில்லை என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.