மொழியியல்: கேட்டதும் சொன்னதும்

கல்லூரி மாணவி: மொழியியல் படிக்க எத்தனை மொழி தெரிந்திருக்க வேண்டும்?

ஒன்று போதும். கல்யாண வீடுகளில் என்னிடமும் இதையே கேட்பார்கள். "இரண்டரை" என்பேன். அந்த அரை, என் கன்னடம்.

தமிழாசிரியர்: இந்தியில் நான்கு 'க' இருக்க, நமக்கு ஒன்றுதான். குறையில்லையா?

கல், தங்கம், பகல் – வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் க அழுத்தமாக, ங்-க்குப் பின் தொண்டை அதிர, இரண்டு உயிர்களுக்கு நடுவே உரசலாக. வாயில் நடக்கும் இதை ஆராய்வது ஒலியியல். ஆனால் எந்த இடத்தில் எது வரும் என்பது தமிழ்ச் சொற்களில் முன்பே முடிவாகிவிட்ட விஷயம். ஒன்றை மாற்றிச் சொன்னாலும் பொருள் மாறாது. அதனால் மூன்றும் ஒரே ஒலியன், அதாவது பொருளைப் பிரித்துக் காட்டும் ஒரே ஒலி அலகு. ஒரே எழுத்து போதும். இது ஒலியனியல். இந்தியில் அப்படி முடியாது. அங்கே சாப்பாட்டைக் குறிக்கும் சொல்லுக்கும் பாட்டைக் குறிக்கும் சொல்லுக்கும் முதல் ஒலிதான் வித்தியாசம். நாமோ இரண்டையும் 'கானா' என்றே எழுதிவைப்போம். (காந்தி, குரு மாதிரிக் கடன்சொற்கள் தனிக் கதை.)

பெங்களூருவாசி: கன்னடத்தில் காதுக்குக் 'கிவி' என்கிறார்கள். நம் 'செவி'யைத் திரித்துவிட்டார்களா?

திரித்தது நாம்தான்! இ, எ வகை உயிர்களுக்கு முன்னால் இருந்த பழைய க-வைத் தமிழ் ச ஆக்கிவிட்டது. கன்னடம் அப்படியே வைத்திருக்கிறது. அவர்களுக்குக் கெம்பு, நமக்குச் செம்மை. அவர்களுக்குக் கேரி, நமக்குச் சேரி. சரி, கிளி ஏன் 'சிளி' ஆகவில்லை? அடுத்து நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண, ள, ழ வந்தால் க தப்பித்துவிடும். கெடு, கிணறு, கேள், கீழ் எல்லாம் அப்படித் தப்பியவை. வரலாற்று மொழியியலில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

பெயர் சொல்லாதவர்: 'வந்துட்டான்' சோம்பேறித் தமிழ்தானே?

சோம்பல் என்றால் எல்லா இடத்திலும் சுருங்க வேண்டுமே. 'வந்துவிட்டான்' சுருங்குகிறது, 'கயித்த விட்டான்' என்பதில் 'வி' அசையவே இல்லை. துணைவினையாக வரும் விடு மட்டும்தான் தேய்கிறது.

மாணவி மறுபடியும்: எங்கிருந்து தொடங்க?

வீட்டில் கேட்டுக்கொண்டு, அவர்கள் பேச்சைப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். அப்புறம் திருத்தாமல், காதில் விழுந்தபடியே எழுதுங்கள். முதல் நிமிடத்துக்கே ஒரு மணி நேரம் பிடிக்கும்.