இனிக்கும் கோழி மீது ஒரு புகார்

கேள்வி: மகளின் நச்சரிப்பு தாங்காமல் அண்ணா நகரில் ஒரு சிறிய உணவகத்துக்குப் போய் கொரியன் ஃப்ரைடு சிக்கன் சாப்பிட்டேன். ஜாம் தடவியதுபோல் இனிப்பு, கையெல்லாம் பிசுபிசுப்பு, தொட்டுக்கொள்ள முள்ளங்கி! சிக்கன் 65 பிறந்த ஊரில் இதற்கு ஏன் இத்தனை கூட்டம்? கொரியன் சீரியல் பார்த்துக் கெட்டுப்போன நாக்குகள் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: உண்டு. ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு புகார்கள் கலந்து கிடக்கின்றன. அந்த உணவகம் பண்டத்தை ஒழுங்காகச் செய்து தந்ததா என்பது ஒன்று. ஒழுங்காகச் செய்தாலும் அது நமக்கு வேண்டுமா என்பது இன்னொன்று. முதலாவதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கக்கூடும். இரண்டாவதில் இல்லை.

சீரியலை முதலில் விடுவித்துவிடுவோம். ஹூண்டாய் நிறுவனம் 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றி, 1998இல் சான்ட்ரோ காரை வெளியே அனுப்பிய நாட்களில் இங்கே யாரும் கைப்பேசியில் கொரியன் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்தத் தொழிற்சாலைக்கும் அதற்கு உதிரிபாகம் செய்யும் நிறுவனங்களுக்கும் வேலைக்கு வந்த கொரியர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் ஊர்ச் சாப்பாட்டைத் தேடியதால்தான் சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் கொரிய உணவகங்கள் தோன்றின. கூட்டத்தைப் பெருக்கியது சீரியல் என்பதை மறுக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தது அதுவல்ல.

அடுத்து, பிறந்த ஊர் பெருமை. அண்ணா சாலை புகாரி ஓட்டலில் 1965இல் பிறந்ததாகச் சொல்லப்படும் சிக்கன் 65க்கு எப்படிச் சங்ககாலப் பழமை கிடையாதோ, அப்படியே இதற்கும் கொரியாவில் பழமை கிடையாது. அங்கே சமையல் எண்ணெய் சாதாரண வீடுகளுக்குத் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதே 1970களில்தான். 1977இல் சியோலின் ஷின்செகே டிபார்ட்மென்ட் ஸ்டோரில் லிம்ஸ் சிக்கன் என்ற கடை பொரித்த கோழியைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியது. டேகு நகரில் கோழிக்கடை நடத்திய யூன் ஜாங்-கே என்பவர், பொரித்த கோழி ஆறியதும் வறண்டு வாயைக் கிழிக்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டதைக் கேட்டு, அதன்மேல் புரட்டக் காரமும் இனிப்புமான சாஸைக் கண்டுபிடித்தார். 1997 பொருளாதார நெருக்கடியில் வேலை போனவர்கள் பலர் கோழிக்கடை திறந்தார்கள். ஆக, வயதில் சிக்கன் 65 அண்ணன், அவ்வளவுதான் வேறுபாடு.

இப்போது தட்டுக்கு வருவோம். சிக்கன் 65இல் சுவை கறிக்குள் இருக்கிறது: இஞ்சி பூண்டு விழுதும் மிளகாய்த் தூளும் ஊறி இறங்கிய துண்டைக் கறிவேப்பிலையோடு பொரித்து எடுக்கிறோம். கொரியர்கள் கறிக்கு உப்பும் மிளகும் போன்ற எளிய பக்குவத்தோடு நிறுத்திக்கொண்டு, உழைப்பையெல்லாம் மேலோட்டில் செலவிடுகிறார்கள். உருளைக்கிழங்கு அல்லது சோளத்தின் ஸ்டார்ச் மாவை மெல்லிதாகப் பூசி, மிதமான சூட்டில் ஒரு முறை பொரித்து, எடுத்து ஆறவைக்கிறார்கள். அந்த இடைவெளியில் கறியின் உள்ஈரம் மெல்ல மேலோட்டுக்கு ஏறும். அதிகச் சூட்டில் இரண்டாம் முறை பொரிக்கும்போது அந்த ஈரமும் ஆவியாகி, ஓடு கண்ணாடித் தகடு அளவுக்கு இறுகிவிடும். அதனால்தான் அதன்மேல் சாஸைப் புரட்டினாலும் உடனே நமுத்துப்போவதில்லை. நல்ல துண்டைக் கடித்தால் முதலில் ஒரு சத்தம் கேட்கும். சாஸ் நாக்குக்கு வருவது அதற்குப் பிறகுதான். உங்களுக்குச் சத்தம் கேட்டதா என்பதை நீங்கள் எழுதவில்லை. கேட்கவில்லை என்றால் உங்கள் புகாரை அந்தச் சமையலறையிடம் கொண்டுபோங்கள், கொரியாவிடம் அல்ல.

ஏனென்றால் நம் ஊரில் நடக்கும் குளறுபடியும் கொஞ்சமல்ல. அங்கே ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள சிறு கோழியைத் தோலோடும் எலும்போடும் பொரிக்கிறார்கள். தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு உருகி வெளியேறுவதால்தான் மேலே அந்த மொறுமொறுப்பு நிற்கிறது. நாமோ கறிக்கடையிலேயே தோலை உரிக்கச் சொல்லிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்துக்குப் பணிந்து தோலுமில்லாத எலும்புமில்லாத நெஞ்சுக் கறியைக் கெட்டியான மைதா மாவில் தோய்த்து ஒரே முறை பொரித்து, தக்காளி சாஸில் சர்க்கரையைக் கரைத்து ஊற்றி, மேலே எள்ளைத் தூவிவிட்டுக் கொரியன் என்று பெயர் வைக்கும் கடைகள் இருக்கின்றன. எள் தூவுவதற்கு எந்தத் திறமையும் வேண்டியதில்லை. உண்மையான சாஸில் கோச்சுஜாங் இருக்க வேண்டும். மிளகாய்த் தூள், பசையரிசி, சோயா ஆகியவற்றை மாதக்கணக்கில் புளிக்கவைத்துச் செய்யும் விழுது அது. இனிப்புக்கு அடியில் ஒரு புளித்த ஆழத்தைத் தருவதும் அதுதான்.

கறியோடு இனிப்பு கூடாது என்ற உங்கள் சட்டம் நம் பந்தியிலேயே செல்லாது. பிரியாணி இலையில் ஓரமாகப் பிரெட் அல்வாவை வாங்கிக்கொண்டு, இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டு எழுந்தவர்கள்தானே நாம்? (ஆட்சேபம் இருந்தால் முதலில் அல்வாவைத் திருப்பிக் கொடுங்கள்.) முள்ளங்கியைப் பழிப்பது அதைவிட அநியாயம். வினிகர், சர்க்கரை, உப்பு கரைத்த நீரில் ஊறிய அந்த வெள்ளைச் சதுரங்கள் தொட்டுக்கொள்வதற்காக வைக்கப்படுவதில்லை. இரண்டு துண்டுக்கு ஒருமுறை ஒன்றைக் கடித்தால் வாயில் படிந்த எண்ணெயை அறுத்துவிட்டு அடுத்த துண்டுக்கு இடம் செய்கிறது. கேட்டால் மறுபடியும் தரும் கடைகளும் உண்டு, கேளுங்கள்.

மீண்டும் போகும் எண்ணம் இருந்தால், முழுவதையும் சாஸில் புரட்டித் தரச் சொல்லாமல் பாதியைச் சாதாவாகவும் பாதியைச் சாஸோடும் கேளுங்கள். கொரியர்களே அப்படித்தான் ஆர்டர் செய்கிறார்கள். சாதாத் துண்டை முதலில் எடுங்கள். அதில் தேறாத கடை சாஸில் தேறாது. ஆர்டர் செய்த ஐந்தாவது நிமிடத்தில் தட்டு வந்துவிட்டால் இரண்டாம் பொரிப்பு நடந்திருக்குமா என்று சந்தேகப்படுவது நியாயமே. பெரம்பூருக்குப் பார்சல் கட்டுவதாக இருந்தால் சாஸைத் தனி டப்பாவில் வாங்கிக்கொண்டு, கோழி இருக்கும் டப்பாவின் மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். இறுக மூடினால் வீடு போய்ச் சேர்வதற்குள் ஓடு நமுத்துவிடும்.