மிளகாய் மிட்டாய்: எரிந்தால் தண்ணீர் வேண்டாம், பால் கொடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. வரமிளகாய்ச் சட்னி தொட்டு நாலைந்து வெள்ளைப் பணியாரம் சாப்பிடுகிறவன். அவன் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மெக்ஸிகோ புளி மிளகாய் மிட்டாயைச் சப்பிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அலறிவிட்டான். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. அதே கையால் கண்ணையும் கசக்கிக்கொண்டான். மறுநாள் மலம் கழிக்கும்போதும் எரிச்சல். ‘குடல் வெந்து புண்ணாகியிருக்கும்’ என்கிறார் அப்பத்தா. பாக்கெட்டில் பாதி மீதி இருக்கிறது. கொடுக்கலாமா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: குடல் வேகவில்லை என்று அப்பத்தாவிடம் சொல்லிவிடுங்கள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், நரம்பு முனைகளில் உள்ள டிஆர்பிவி1 என்ற ஏற்பியை, அதாவது சூட்டை உணரும் புரதத்தை, தூண்டுகிறது. 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்கிற ஏற்பி அது. (1997-ல் இதை அடையாளம் கண்ட அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.) ‘சுட்டுவிட்டது’ என்று மூளைக்குத் தகவல் போகிறதே தவிர, ஒரு மிட்டாயால் எதுவும் வெந்துபோவதில்லை. ஆசனவாயிலும் இதே ஏற்பி உண்டு. உடம்பு உறிஞ்சாமல் விட்ட கேப்சைசின் அங்கே வந்து சேரும்போது மறுநாள் எரிகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் உட்காரவையுங்கள், போதும். இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் வலி மாத்திரைகளும்தான் காரணம். ஏற்கெனவே புண் உள்ளவருக்குக் காரம் வலியைக் கூட்டலாம்.

சட்னியைத் தாங்கிய நாக்கு மிட்டாயைத் தாங்காததற்குக் காரணம் இருக்கிறது. கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். சட்னியில் விட்ட நல்லெண்ணெய் காரத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். பணியாரம் நாக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அடுத்த விள்ளலுக்குள் நாக்குக்குக் கொஞ்சம் ஓய்வும் கிடைக்கும். மிட்டாயில் இது ஒன்றும் இல்லை. ஐந்து, பத்து நிமிடம் நாக்கின் ஒரே இடத்தில் கிடந்து கரைகிறது. கேப்சைசின் பட்டபின் சில நிமிடம் விட்டால் நரம்பு ஓரளவு மரத்துப்போகும். விடாமல் பட்டுக்கொண்டே இருந்தால் எரிச்சல் படிப்படியாக ஏறும். தொடக்கத்தில் சர்க்கரை காரத்தை மறைப்பதால், உறைப்பு தெரிவதற்குள் பாதி மிட்டாய் கரைந்திருக்கும். கூடவே சிட்ரிக் அமிலமும் உப்பும். நாக்கில் சின்னக் கீறல் இருந்தால்கூட அவை சுருக்கென்று குத்தும்.

உறையைப் படியுங்கள். மிளகாய்ப் பொடி சேர்த்த மிட்டாய் ஒரு ரகம். ‘கேப்சிகம் ஒலியோரெசின்’ என்றோ ‘மிளகாய்ச் சாறு’ என்றோ போட்டிருந்தால் அது செறிவான காரம். அந்த ரகத்தைச் சிறுவர்களுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஆனால் 160சி என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பாப்ரிகா என்ற காரம் குறைந்த சிவப்பு மிளகாயிலிருந்து எடுக்கும் நிறமி, நிறத்துக்காகச் சேர்ப்பது. 330 என்றால் சிட்ரிக் அமிலம்.

இனி எரிந்தால் முதலில் மிட்டாயைத் துப்பச் சொல்லுங்கள். தண்ணீர் காரத்தைக் கரைக்காது, வாய் முழுக்கப் பரப்பிவிடும். குளிர்ந்த பாலை ஒரு வாய் வைத்து 20 விநாடி கொப்பளித்துத் துப்பட்டும். நாலைந்து முறை செய்யலாம். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினை நாக்கிலிருந்து பிரித்தெடுக்கும். பால் இல்லையென்றால் கெட்டித் தயிர், அதுவும் இல்லையென்றால் ஒரு தேக்கரண்டி சர்க்கரையை நாக்கில் வைக்கலாம். சூடான காபி, டீ எரிச்சலை ஏற்றிவிடும். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். வரும் வழியில் தொண்டையும் மூக்கும் எரியும்.

கண் விஷயத்தில் பாலை மறந்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு 15 நிமிடம் கண்ணைக் கழுவ வேண்டும். அதற்கு முன் உங்கள் கையிலும் அவன் கையிலும் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் கழுவுகிற கையே மறுபடி காரத்தைக் கண்ணில் ஏற்றும். கழுவிய பிறகும் கண் திறக்க முடியாவிட்டாலோ பார்வை மங்கினாலோ கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத்திணறல், உதடோ முகமோ வீங்குதல், நெஞ்சுவலி, ஓயாத வாந்தி, வாந்தியில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சாறு சேர்க்காத ரகமாக இருந்து, மறுபடி ருசி பார்க்க அவன் ஆசைப்பட்டால், சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள், வெறும் வயிற்றில் அல்ல. மிட்டாயை உடைத்துக் கால் துண்டு. 30 விநாடி சப்பிவிட்டுத் துப்பி, 5 நிமிடம் பொறுக்கட்டும். அதற்குள் எரிச்சல் ஏறவில்லையென்றால் அந்தக் கால் துண்டின் மீதியைத் தரலாம். அன்றைக்கு அவ்வளவுதான். முடிந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கட்டும். உடனே பல் துலக்கக் கூடாது: வாயில் அமிலம் கூடி, அதை அளக்கும் பிஎச் எண் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் இளகத் தொடங்கும், இளகிய எனாமலைப் பிரஷ் தேய்த்துவிடும். அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம். வாய்ப்புண், ஆஸ்துமா, மூலம், ஆசனவாய் வெடிப்பு, நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இந்த விளையாட்டுக்கே வர வேண்டாம். ‘யார் அதிக நேரம் தாங்குவது’ என்ற பந்தயமும் வேண்டாம். ஐந்து வயதுக்குள் எந்தக் கெட்டி மிட்டாயும் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உள்ளது.

இன்னொன்றும் பாருங்கள். மெக்ஸிகோவின் புளி மிளகாய் மிட்டாய்கள் சிலவற்றில் முன்பு ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. மண்ணோடு காய்ந்த மிளகாயைக் கழுவாமல் அரைப்பதும், உறையில் அச்சிடும் மையும், ஈயப்பூச்சுள்ள மண் கிண்ணங்களில் மிட்டாயை அடைப்பதும் காரணங்கள். சிறு குழந்தைகள் அடிக்கடி சாப்பிடும் மிட்டாயில் ஈயம் 0.1 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 0.1 பங்கு) தாண்டக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006-ல் வழிகாட்டியது. ஈயம் கலந்திருப்பது நாக்குக்குத் தெரியாது. தயாரித்தவர் பெயர், முகவரி, காலாவதித் தேதி எதுவும் இல்லாத பாக்கெட்டாக இருந்தால் பாதியானாலும் குப்பையில் போடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் வாரத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். வீட்டில் சிறு குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அவர்களுக்கு அதுவும் வேண்டாம்.