காயம் ஆறுவது எப்படி? கேள்வி பதில்

மொரீஷியஸில் காயக் கட்டுப் பிரிவில் பல காலம் வேலை பார்த்த நர்ஸ், அங்குள்ள ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ரோஸ் ஹில்: காவடிக்குக் கன்னத்தில் வேல் குத்திய இடம் எப்படி இவ்வளவு சீக்கிரம் மூடுகிறது, அக்கா?

காயம் சிறியது, கன்னத்தில் ரத்த ஓட்டமும் அதிகம். குத்திய வேலை உருவியதும் ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ஃபைப்ரின் நூலாக மாறி, வலை பின்னி அடைக்கிறது. அங்கே சேரும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் பிடிஜிஎஃப், டிஜிஎஃப் பீட்டா என்ற வளர்ச்சிக் காரணிகளை விடும். இவையும் புரதங்கள்தான்; செல்களை வரவழைப்பதும் பெருகச் செய்வதும் இவற்றின் வேலை. முதலில் கிருமியைத் தின்னும் வெள்ளணுக்கள் வரும். அப்புறம் வரும் செல்கள் தோலுக்குப் பலம் தரும் கொலாஜன் என்ற புரதத்தின் மூன்றாம் வகையை உண்டாக்கும். அது போய் உறுதியான முதல் வகை வர மாதக்கணக்காகும். அப்போதும் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 சதவீதம்தான் திரும்பும். மேல்தோலை வளர்க்கும் இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹன் 1986இல் ரீட்டா லெவி-மொன்டால்சினியோடு நோபல் பரிசு பெற்றார்.



போர்ட் லூயி: கொலாஜன் பவுடர் குடித்தால் தழும்பு போகுமா?

வயிற்றில் அது செரித்துத் துண்டுதுண்டாகிவிடும். நேராகத் தழும்புக்குப் போய்ச் சேராது. பருப்பு, மீன், முட்டை சாப்பிடுங்கள், கூடவே கொய்யாப்பழம். வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் உறுதிப்படாது.

குரேபீப்: எலும்பு முறிவுக்கு?

எலும்பு டாக்டரைக் கேளுங்கள்.

வக்வா: கொலாஜன் கிரீம்?

பவுடரைப் போலவே அதுவும் தழும்புக்குப் போய்ச் சேராது. கிரீமில் உள்ள கொலாஜன் பெரிய மூலக்கூறு, தோலுக்குள் இறங்காது.

கத்ர் போர்ன்: தீமிதியில் அம்மாவுக்குப் பாதம் சுட்டு மூன்று வாரம். சர்க்கரை உண்டு. மஞ்சள் வைக்கிறோம்.

மஞ்சளை நிறுத்துங்கள். சுட்டவுடன் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டியிருக்க வேண்டும்.

ரோஸ் ஹில்: தாத்தா காலத்திலிருந்து மஞ்சள்தானே, அக்கா!

தம்பி, மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் அழற்சியைக் குறைப்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சமையலறை டப்பாவிலுள்ள தூளில் கிருமி இருக்கலாம், புண்ணின் நிறமும் தெரியாமல் போகும்.

கத்ர் போர்ன்: அம்மாவுக்கு வலியே இல்லை. அப்படியென்றால் ஆறுகிறதுதானே?

வலி இல்லாததுதான் எனக்குப் பயம். சர்க்கரையால் பாத நரம்பு மரத்திருக்கலாம். அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். நாள்பட்ட புண்ணில் புரதம் சிதைக்கும் நொதிகள் மிகுந்து, வளர்ச்சிக் காரணிகளையே அழிக்கின்றன. ஆய்வகத்தில் தயாரித்த பிடிஜிஎஃப் களிம்புக்கு அமெரிக்கா 1997இல் அனுமதி தந்தது இப்படிப்பட்ட பாதப் புண்களுக்காகத்தான். அதுவும் செத்த திசுவை நீக்கிய பிறகே போட வேண்டியது. அரசு மருத்துவமனையில் காசு கேட்க மாட்டார்கள். இன்றைக்கே அம்மாவைக் கூட்டிப் போங்கள்.