வேப்பம் பலகையின் பட்டை ஓரம்

கேள்வி: தம்பலகாமத்தில் எமது வளவில் நின்ற பெரிய வேம்பு மாரிக் காற்றில் சாய்ந்துவிட்டது. மர ஆலையில் இரண்டு அங்குலத் தடிப்பில் அரிந்து, ஒரு பலகையை விறாந்தை மேசைக்கென்று பதினான்கு மாதங்களாகக் கொட்டிலில் வைத்திருக்கிறோம். ஓரத்தை நேராக வெட்டாமல், மரம் வளர்ந்த வளைவோடு விட விரும்புகிறேன். பட்டை சில இடங்களில் இறுகியும் சில இடங்களில் கழன்றும் இருக்கிறது. அடியில் மாவு போன்ற தூள் கொட்டுகிறது. பட்டையைப் பசையிட்டு நிறுத்தலாமா? வேம்பைப் பூச்சி அரிக்காது என்கிறார்களே?
- வாசகி, திருகோணமலை

பதில்: பட்டையை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். பட்டையும் மரமும் காயும்போது ஒரே அளவில் சுருங்குவதில்லை. மாரியில் மரம் துளிர்த்து வளரும் வேளையில் விழுந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள மாறிழையம் என்னும் மெல்லிய வளர் படை ஈரமாகவும் மென்மையாகவும் இருப்பதால் பிடிமானம் இன்னும் குறைவு. இன்று பசையால் ஒட்டினாலும், மாரியின் ஈரத்துக்கும் கச்சான் காற்றின் வறட்சிக்கும் பலகை மாறி மாறி அசைய, பட்டை மறுபடியும் கழன்றுவிடும்.

வேம்பைப் பற்றிய பேச்சு உண்மைதான், ஆனால் அது மரத்தின் நடுவிலுள்ள கடினமான வைரத்துக்கு மட்டுமே உரியது. வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளை மரத்தில் மாச்சத்து இருப்பதால் எந்த மரமானாலும் உளுத்துப்போகும்; முதிரைக்கும் நமது திருகோணமலையின் பெயரையே ஆங்கிலத்தில் தாங்கியிருக்கும் சாவண்டலைக்கும் கூட இதில் விலக்கில்லை. நீங்கள் காக்க விரும்பும் ஓரம் முழுவதும் வெள்ளை மரமே என்பதை மறந்துவிடாதீர்கள்.

மழுங்கிய அகல உளியைப் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே படுக்கையாக வைத்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் பெரும்பகுதி ஓடாகக் கழன்று வரும். கூரிய உளி மரத்துக்குள் இறங்கிவிடும். அந்தக் காயத்தைப் பின்னர் மறைக்க முடியாது. எஞ்சும் நாரை நைலான் தூரிகையால் இழைவாட்டத்தில் தேயுங்கள். இரும்புக் கம்பித் தூரிகை வேண்டாம்: அதன் துகள்கள் ஈரம் பட்டதும் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருங்கறையாகிவிடும்.

பின்னர் பலகையின் கீழே ஒரு கறுப்புத் தாளை விரித்து இரண்டு வாரம் பாருங்கள். புதிதாகத் தூள் விழுந்தால் புழு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு லீற்றர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரமும் 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, கையுறை அணிந்து, பிள்ளைகள் அண்டாத இடத்தில் இரண்டு மூன்று முறை பூசுங்கள். இது ஆழத்திலுள்ள புழுவை உடனே கொல்லாவிட்டாலும், மேற்பரப்பைத் துளைத்து வெளிவரும் வண்டையும் புதிதாகக் குடியேறுவதையும் தடுக்கும். எண்ணெய் பூசிய பின் இக்கரைசல் மரத்துள் இறங்காது என்பதால் இந்த வேலை முதலில் முடியவேண்டும்.

ஓர் அங்குலத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு; உங்கள் பலகைக்குப் பதினான்கு மாதம் போதாது. மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், நிறை குறைவது நின்றால் பலகை காய்ந்துவிட்டது.

மேற்பரப்பை 120, 180, 220 இலக்க அரத்தாள்களால் வரிசையாகத் தேய்க்கலாம். ஓரத்தை மட்டும் இயந்திரத்துக்குக் கொடுக்காமல், 220 இலக்கத் தாளை விரலில் சுற்றிக் கையாலேயே தடவுங்கள்; மேடு பள்ளங்களை மட்டப்படுத்துவதானால் நேராக வெட்டியிருக்கலாமே. வேப்பந் தூள் தும்மலைத் தரும், முகக்கவசம் வேண்டும்.

மேடும் பள்ளமுமான ஓரத்தில் தடித்த வார்னிஷ் பள்ளங்களில் தேங்கிப் பின்னர் வெடிக்கும். திறந்த விறாந்தைக்கு ஆளிவிதை எண்ணெயே எனது தெரிவு: மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிகுதியைத் துடைத்து, முந்தைய பூச்சு காய்ந்த பின் அடுத்ததாக மூன்று முறை செய்யுங்கள். மேல், கீழ், ஓரம், தலைமுனைகள் எல்லாவற்றிற்கும் ஒரே அளவில் பூசாவிட்டால் பலகை வளைந்துவிடும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் கொட்டிலில் போடாதீர்கள், அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும்; விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீர் நிறைந்த வாளியில் இடுங்கள்.