பிளேட்லெட், பி.டி., ஏ.பி.டி.டி.ன்னு ரத்தம் உறையறதப் பாக்கற டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனா குழந்தைக்குத் தொப்புள்ல ரத்தம் கசியறது நிக்கல. வேற என்னவா இருக்கும்?

தொப்புள்கொடி விழுந்த எடத்துல நாள்கணக்கா கசியுதுன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதப் படிச்சதுமே எனக்குத் திக்குன்னு ஆயிருச்சுங்க. எம்பட பொண்ணுக்கும் இதே கதைதான்.

நான் பல்லடம் பக்கம் தறி ஓட்டறவன், டாக்டர் இல்லீங்க. எம்பட பொண்ணுக்கு இருக்கறது ஃபேக்டர் 13 குறைபாடு, அதாவது ரத்தக்கட்டி கெட்டியா நிக்க வேண்டிய ஒரு புரதம் ரத்தத்துல பத்தல, 20 லட்சம் பேர்ல ஒருத்தருக்கு வர்றதுன்னு சொல்றாங்க, 1960-ல ஸ்விட்சர்லாந்துல ஒரு பையனுக்குத்தான் இத மொதல்ல கண்டுபுடிச்சிருக்காங்க. உங்க குழந்தைக்கும் இதேதான்னு நான் சொல்லல, ஆனா கேட்டுப் பாத்தே ஆகோணும்.

ரிப்போர்ட் ஏன் நார்மல்னா, ரத்தம் உறையறப்ப ஃபைப்ரின்னு ஒரு புரதம் நூல் நூலா சேரும், நம்ம பாவு நூலாட்ட. ஃபேக்டர் 13 வந்து அதுகளக் குறுக்க பிணைச்சு விட்டாத்தான் அது துணி, இல்லீன்னா வெறும் பாவுதான், இழுத்தா கையோட வந்துரும். பி.டி., ஏ.பி.டி.டி. ரெண்டும் நூல் சேர எத்தன செகண்டு ஆச்சுன்னு பாக்கறதோட சரி, சேந்தது நிக்குதான்னு பாக்கறதே இல்ல. அதனாலதான் இன்னைக்கு உழுந்தா நாளைக்கு வீங்குது.

எங்களுக்கு மொதல்ல பாத்த எடத்துல புண்ணுன்னு பவுடர் குடுத்து அனுப்பீட்டாங்க. அப்பறம் தவழற வயசுல முட்டிக்கிட்டு நெத்தி பந்தாட்டம் வீங்குனப்பத்தான் ரத்த ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போனோம், அவரு கேட்டது ரெண்டே கேள்வி, தொப்புள்ல கசிஞ்சுதா, சொந்தத்துல கல்யாணமா. ரத்தக்கட்டிய யூரியா தண்ணில போட்டு வெச்சாங்க, நல்ல கட்டின்னா ஒரு நாள் ஆனாலும் அப்படியே கெடக்குமாம், பாப்பாவோடது கரைஞ்சே போச்சு. ஆனா ஒண்ணுங்க, அளவு ரொம்ப ரொம்பக் கம்மியா இருந்தாத்தான் அந்த டெஸ்ட்டுல தெரியும், முடிஞ்சா ஃபேக்டர் 13 அளவையே நேரா பாக்கச் சொல்லுங்க.

ரத்தம் சரியா உறையாத இன்னொரு நோயான ஹீமோஃபிலியா பெரும்பாலும் ஆம்பளப் பசங்களுக்கு வரும், இது அப்படி இல்ல. பெரும்பாலும் கோளாறு 6-ஆம் குரோமோசோம்ல இருக்கற ஜீன்ல, அதனால பையன் பொண்ணுன்னு பேதமே கெடையாது. அப்பா அம்மா ரெண்டு பேருகிட்ட இருந்தும் கெட்ட பிரதி வரோணும், ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. எம்பட சம்சாரம் எனக்கு மாமன் மக. எனக்கு அப்பிச்சி, அவளுக்கு அப்பாரு, ரெண்டும் ஒரே ஆளுதான். எங்கம்மா இன்னமும் கெரகம்னுதான் சொல்லுது.

வைத்தியம் இருக்குங்க, அதான் பெரிய ஆறுதல். ஹீமோஃபிலியாவுக்குக் குடுக்கற ஃபேக்டர் 8 அரை நாள்லயே பாதியாயிரும், ஃபேக்டர் 13 பாதியாக ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அதனால நாங்க நாலு வாரத்துக்கு ஒருக்கா கிரையோ, அதாவது தானமா வந்த ரத்தத்துல இருந்து பிரிச்செடுக்கற, ஃபேக்டர் 13 இருக்கற மருந்து, ஏத்தீட்டு வந்துருவோம். ஏத்தாம உட்டா மூளைக்குள்ள கசியற பயம் இருக்கு, அதனால கொழந்த வாந்தி எடுத்தாலோ சோர்ந்து கெடந்தாலோ விடியட்டும்னு பாக்காம தூக்கீட்டு ஓடுங்க.

போன வருசம் காது குத்துனோம், கிரையோ ஏத்துன மறுநாளாப் பாத்து. தாய்மாமன் மடில ஒக்காந்து கத்துன கத்துல மண்டபமே திரும்பிப் பாத்துச்சு, ரத்தம் ஒரு சொட்டுத்தான். நானும் அவளும்தான் நாலு நாளா காலைல எந்திரிச்சதும் தலகாணி உறையப் பாத்துட்டே இருந்தோம்.